மனைவிக்கு 2 வருடமாகப் பரிசோதனை, எனக்கு இதுவரை ஒன்றுகூட இல்லை. எங்கே தொடங்குவது?

கடலோரப்பயணி | திங்கள், இரவு 11.42

வணக்கம். ஆறு மாதமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்து மட்டும் வந்தேன். இன்றுதான் எழுதத் துணிந்தேன்.

எனக்கு 37 வயது, மனைவிக்கு 33. வெள்ளவத்தையில் இருக்கிறோம். கல்யாணமாகி 4 வருடம். முதல் ஒன்றரை வருடம் 'தானாக வரட்டும்' என்று விட்டோம். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் சிகிச்சை. சிகிச்சை என்றால் அவளுக்குத்தான். இரத்தப் பரிசோதனைகள், மாதா மாதம் ஸ்கான், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அன்று வீட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் இரவுவரை எழும்பவில்லை. முட்டை வரவைக்கும் குளோமிபீன் குளிசை மட்டும் 8 மாதம் போட்டாள். அவளுடைய ஃபைலை இப்போது றப்பர் பாண்ட் போட்டுத்தான் மூடவேண்டும்.

போன வாரம் புதிதாக ஒரு டொக்டரைச் சனல் பண்ணிப் போனோம். அவர் அந்த ஃபைலை முன்னிருந்து பின்னுக்கு ஒரு தடவை புரட்டினார். திரும்பப் பின்னிருந்து முன்னுக்குப் புரட்டினார். பிறகு, "மிஸ்டரின்ட ரிப்போர்ட் எங்க?" என்று கேட்டார். நான், "இன்னும் எடுக்கேல்ல டொக்டர்" என்றேன். "ரெண்டு வருஷமாவோ?" என்றார். மனைவி ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஃபைலை எடுத்து றப்பர் பாண்டைத் திரும்பப் போட்டாள்.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்குப் பயம். அவ்வளவுதான். ஒரு தடவை ஆய்வுகூடம்வரை போய், குப்பியையும் வாங்கிக்கொண்டு, கொடுக்காமல் திரும்பியிருக்கிறேன். அம்மா எங்களோடுதான் இருக்கிறா. 'அவளுக்கு உடம்பு சூடு' என்று சொல்லி வெள்ளிக்கிழமைகளில் கசாயம் காய்ச்சிக் கொடுப்பா. மனைவி ஒரு சொல் சொல்லாமல் குடிப்பாள். நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

ஆண்களுக்கு என்ன பரிசோதனை, அதில் எதைப் பார்ப்பார்கள், என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்ட நினைப்பவர்களும் திட்டலாம்.

ஆய்வுகூடத்தான் | செவ்வாய், காலை 6.15

தம்பி, நான் 18 வருடமாக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். விந்துப் பரிசோதனை என் கையால் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன். குப்பியோடு திரும்பிப் போகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காக வெட்கப்படாதீர்கள். ஆனால் இன்னொரு மாதம் தள்ளவும் வேண்டாம். இருக்கிற பரிசோதனைகளிலேயே வலி குறைந்தது, செலவு குறைந்தது இதுதான். இதைச் செய்யாமல் பெண்ணைக் குழாய் எக்ஸ்ரேவரை அனுப்புவது முறையே இல்லை. அதை உங்களுக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி ரிப்போர்ட் பிழைப்பது இங்கேதான். கடைசியாக விந்து வெளியேறி 2 நாளுக்குக் குறையாமலும் 7 நாளுக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். 10 நாள் சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்று சிலர் வருவார்கள். எண்ணிக்கை கொஞ்சம் கூடலாம், ஆனால் அசைவு குறைந்துவிடும். சவர்க்காரம், எண்ணெய், எச்சில் எதுவும் படக்கூடாது. கடையில் வாங்கும் சாதாரண ஆணுறையிலும் எடுக்கக்கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது சிந்திப்போனால் மறைக்காமல் சொல்லுங்கள், இன்னொரு நாள் எடுக்கலாம்.

வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கள் கைக்கு வரவேண்டும். குப்பியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வாருங்கள். ஒருவர் மீன் வாங்கப் போகிற மாதிரி ஐஸ் பெட்டிக்குள் வைத்து அவ்வளவு கவனமாகக் கொண்டுவந்தார். பாவம், நல்லெண்ணத்தில் செய்தது. குளிரில் ஒன்றுமே அசையவில்லை. அவருக்கு அந்த ரிப்போர்ட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, திரும்ப எடுக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. காலை எட்டு மணிக்கு காலி வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் ஆய்வுகூடத்திலேயே தனி அறை இருந்தால் அங்கே எடுப்பதுதான் நல்லது.

இனி நாங்கள் பார்ப்பது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி அளவு 1.4 மில்லிலீட்டர், ஒரு மில்லிலீட்டருக்கு 16 மில்லியன் விந்தணு, அதில் அசைவன 42 சதவீதம், முன்னோக்கி நீந்துவன 30 சதவீதம், உருவம் சரியாக உள்ளவை 4 சதவீதம். இவைதான் கீழ் எல்லை. 4 சதவீதம் என்றதும் எல்லாரும் திடுக்கிடுவார்கள். திடுக்கிட ஒன்றுமில்லை, நல்ல ஆரோக்கியமான ஆணுக்கே பெரும்பாலான விந்தணுக்கள் உருவத்தில் கோணல்தான். இந்த எண்கள் 12 மாதத்துக்குள் பிள்ளை தரித்த தம்பதியரின் ஆண்களை அளந்து எடுத்தவை. அவர்களிலும் நூற்றுக்கு 5 பேர் இந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தார்கள். ஆகவே கீழே இருந்தால் பிள்ளை கிடையாது என்று அர்த்தம் இல்லை, மேலே இருந்தால் கட்டாயம் உண்டு என்றும் இல்லை.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் எடுக்கும், அது பயணம் செய்து வெளியே வர இன்னும் கொஞ்ச நாள். இரண்டு மாதத்துக்கு முன் டெங்கு வந்து காய்ச்சலில் கிடந்திருந்தால் அந்தச் சூட்டின் பாதிப்பு இன்றைய குப்பியில் தெரியலாம். அண்மையில் கடுங்காய்ச்சல் ஏதும் வந்ததா?

தெஹிவளை_மலர் | செவ்வாய், காலை 9.03

அண்ணா, உங்களைத் திட்ட மாட்டேன். ஆனால் உங்கள் மனைவியின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், அதனால் ஒன்று சொல்லவேண்டும். ஊசியைவிட, ஸ்கானைவிட எனக்கு வலித்தது என் கணவர் கிளினிக்குக்கு வெளியே போனைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான். 'உன்ட பிரச்சினை' என்று அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் உள்ளே வரவும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே காரணம் இருந்தது, பீசீஓஎஸ் என்ற சூலகப் பிரச்சினை. மாதவிடாய் 45 நாளுக்கு ஒருக்கால், 60 நாளுக்கு ஒருக்கால் வரும். ஸ்கான் ரிப்போர்ட்டில் சூலகத்தில் 'சிஸ்ட்' என்று போட்டிருந்ததைப் பார்த்து 'வயிற்றில் கட்டி' என்று வீடே அழுதது. அது கட்டி இல்லை. முதிர்ந்து வெளியே வரவேண்டிய முட்டைப் பைகள் பாதியிலேயே நின்று வரிசையாகத் தெரிவதுதான். இதைக் கண்டுபிடிக்க மூன்று விஷயம் பார்ப்பார்கள்: மாதவிடாய் தவறுவது, ஆண் ஹோர்மோன் கூடுவது (முகத்தில் முடி, பரு), ஸ்கான். மூன்றில் இரண்டு இருந்தால் பீசீஓஎஸ், அதுவும் வேறு நோய்கள் இல்லை என்று பார்த்த பிறகு. ஸ்கானில் மட்டும் தெரிந்தால் போதாது. மெலிந்தவர்களுக்கும் வரும், குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

எனக்கு எடை கூடத்தான். 78 கிலோவிலிருந்து 72க்கு வந்தேன். ஆறு கிலோ, அவ்வளவுதான். தினமும் பின்னேரம் மரைன் டிரைவில் நடை, இரவில் சோற்றையும் புட்டையும் பாதியாக்கியது. அதிலேயே மாதவிடாய் ஒழுங்குக்கு வந்தது. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே முட்டை வெளிவரத் தொடங்கலாம் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தா. அப்புறம் முட்டை வரவைக்கும் லெட்ரோசோல் குளிசை, 3 மாதம். இப்போது மூத்தவனுக்கு 5 வயது.

முட்டை வெளிவரும் நாளைப் பார்க்கக் கடையில் விற்கும் ஸ்ட்ரிப்பை நம்பி நான் ஒரு வருடம் ஏமாந்தேன். பீசீஓஎஸ் இருந்தால் அந்த ஸ்ட்ரிப் தேடும் ஹோர்மோன் எப்போதும் கூடவே நிற்கலாம், முட்டை வராமலே ஸ்ட்ரிப்பில் கோடு விழும். என்னைப் போல யாரும் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள்.

வேலும்மயிலும் | செவ்வாய், பகல் 1.20

எல்லாரும் ரிப்போர்ட், குளிசை என்று பயமுறுத்துகிறீர்கள். எங்கள் பெரியவர்கள் சொன்னதை மறக்கலாமா? 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்'. கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்து, பம்பலப்பிட்டி கதிரேசனிடம் தொட்டில் கட்டி, பிள்ளை பெற்றவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். மனதை ஆறுதலாக வையுங்கள், யோசித்து யோசித்துத்தான் கரு தங்குவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பரியாரியார் கருப்பை சுத்தமாக ஒரு லேகியம் கொடுக்கிறார். வேண்டும் என்றால் இலக்கம் தருகிறேன்.

கிராண்ட்பாஸ்_மிஸ்ஸி | செவ்வாய், மாலை 4.48

நான் ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர். எங்கள் பகுதியில் எல்லாருக்கும் 'மிஸ்ஸி'தான். 31 வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள்.

வேலும்மயிலும் தம்பி, விரதத்துக்கு நான் எதிரி இல்லை. நானே செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் அடுத்தவர்களுக்காக மெழுகுதிரி கொளுத்தியவள். ஆனால் 'கருப்பை சுத்தம்' என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. மாதவிடாய் வருகிற பெண்ணின் கருப்பையில் அழுக்கு என்று ஒன்றும் சேர்ந்து கிடப்பதில்லை. என்ன சேர்த்தது என்று எழுதாத லேகியத்தில் ஈயம், பாதரசம் இருந்து பிடிபட்ட சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. பிள்ளைக்கு முயற்சி செய்கிறவள் வாயில் அதைப் போடக்கூடாது. யோசனை கூடினதால்தான் கரு தங்கவில்லை என்று பெண் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவள் ஏற்கெனவே சுமக்கிற பாரத்துக்கு மேலே அதுவும் ஒரு பாரம். அடைத்த குழாய் ஆறுதலாக இருந்தால் திறக்காது.

கடலோரப்பயணி தம்பி, உங்கள் மனைவிக்கு மாதவிடாய் ஒழுங்காக வருமா? வரும் என்றால் அநேகமாக முட்டை தானாகவே வருகிறது. அப்படியென்றால் 8 மாதம் குளோமிபீன் எதற்கு என்று நான் கேட்பேன். அந்தக் குளிசையை 6 மாதத்துக்கு மேல் நீட்டுவது வழக்கம் இல்லை. பழைய கதை, விடுங்கள், ஆனால் புதிய டொக்டரிடம் கேளுங்கள்.

இங்கே வாசிக்கிற எல்லாருக்கும் இன்னொரு விஷயம். ஒரு வருடம் ஒழுங்காக உறவு இருந்தும், தடுப்பு ஒன்றும் பாவிக்காமலும் தரிக்காவிட்டால்தான் குழந்தைப்பேறின்மை என்று பார்க்கத் தொடங்குவோம். பெண்ணுக்கு 35 தாண்டினால் 6 மாதம். 'ஒழுங்காக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு பிள்ளையின் புருஷன் டோஹாவில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. மூன்று வருடமாகப் பிள்ளை இல்லை என்று மாமியார் அழுகிறா. கணக்குப் பார்த்தால் அவர்கள் சேர்ந்து இருந்ததே இரண்டு மாதம்! அந்தப் பிள்ளையை எங்கள் கிளினிக் வாங்கில் இருத்தி, கல்யாணத்திலிருந்து எத்தனை நாள் ஒன்றாக இருந்தீர்கள் என்று கலண்டரில் வட்டம் போட வைத்தேன். வட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

முட்டை வெளிவந்தால் 12 முதல் 24 மணித்தியாலம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு உள்ளே 5 நாள்வரை தாங்கும். அதனால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய 5 நாளும்தான் காலம். எல்லாருக்கும் 14ஆம் நாள் என்பது பிழை. அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு என்று பின்னோக்கி எண்ணவேண்டும். 35 நாள் சுற்று என்றால் 21ஆம் நாள் பக்கம் வரும். நாள் பார்த்து மண்டையை உடைக்க விருப்பமில்லாதவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் சேர்ந்தால் போதும்.

இதையும் சொல்லவேண்டும், யாரும் சொல்வதில்லை. கல்யாணமாகி மூன்று நான்கு வருடமாகியும் உறவே முழுதாக நடக்காத தம்பதியரை நான் கண்டிருக்கிறேன். பெண்ணுக்கு வலி, உடம்பு தானாக இறுகிக்கொள்ளும். அல்லது ஆணால் முடிவதில்லை. இரண்டு பேரும் ஸ்கான் அறை வாசலில் இருப்பார்கள், ஆனால் டொக்டரிடம் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டுக்குமே வைத்தியம் உண்டு. கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள், டொக்டர் இதைத் தினமும் கேட்கிறவர்.

நிலாமதி | செவ்வாய், இரவு 8.30

மிஸ்ஸி சொன்ன வலியைப் பற்றி நானும் எழுதுகிறேன். எனக்கு என்டோமெட்ரியோசிஸ். ஏ.எல். பரீட்சையில் இரசாயனவியல் தாள் அன்று மாதவிடாய். மேசையில் தலை வைத்துக் கிடந்தேன், கடைசி இரண்டு கேள்வியும் எழுதவில்லை. 'கல்யாணம் கட்டினா எல்லாம் சரியாகும்' என்று சொன்னார்கள். 18 வயதில் தொடங்கிய வலிக்கு 29இல்தான் பெயர் கிடைத்தது.

என்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்தில், குழாயில், குடலில் ஒட்டி வளர்வது. மாதா மாதம் அதுவும் இரத்தம் கசியும். கசிந்து கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழாய் முட்டையைப் பிடிக்க முடியாமல் போகும். உலகத்தில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 10 சதவீதமளவு பேருக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு பேருக்கு இருந்தும் எனக்கு 11 வருடம் எடுத்தது. எனக்கு ஸ்கான் இரண்டு தடவை 'நோர்மல்' என்று வந்தது. பிறகு வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கமரா விட்டுத்தான் பார்த்தார்கள். இடது சூலகத்தில் பழைய இரத்தம் நிறைந்த சிஸ்ட், சொக்லேட் சிஸ்ட் என்பார்கள்.

உங்கள் மனைவிக்கு மாதவிடாய் நேரத்தில் வாந்தி வருமளவுக்கு வலியா, உறவின்போது ஆழத்தில் வலியா என்று கேளுங்கள். அவள் சொல்லியிருக்க மாட்டாள். எங்களுக்குப் பொறுக்கத்தான் பழக்கியிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை_வாசி | செவ்வாய், இரவு 10.11

எங்கள் கதை சின்னது. மனைவிக்கு மாதவிடாய் திடீரென்று நின்றது, பால் சுரப்பதுபோல் கொஞ்சம் கசிவும். பால் சுரக்கவைக்கும் ஹோர்மோனான புரோலாக்டின் பார்த்தால் எக்கச்சக்கம். மூளை ஸ்கான் எடுக்கவேண்டி வரலாம் என்று சொன்னதும் நடுங்கிவிட்டோம். டொக்டர் நிதானமாக, "வேற என்ன மருந்து பாவிக்கிறீங்க?" என்று கேட்டார். வாய்வுக்கும் வயிற்றுப் புரட்டலுக்கும் டொம்பெரிடோன் குளிசை, பார்மசியில் தானாக வாங்கி எட்டு ஒன்பது மாதமாகத் தினமும் சாப்பாட்டுக்கு முன். அது புரோலாக்டினைக் கூட்டும் மருந்து. டொக்டர் சொல்லி நிறுத்தினோம், இரண்டு மாதத்தில் இறங்கியது. எல்லாருக்கும் இவ்வளவு இலேசாக முடியாது. சிலருக்கு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி இருக்கும், அதற்கும் குளிசை இருக்கிறது. தைரொயிட்டும் அப்படித்தான், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரியும். டொக்டரிடம் போகும்போது வீட்டில் போடுகிற எல்லாக் குளிசைக் கார்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

வத்தளை_இளசு | புதன், காலை 12.05

ஜிம்மில் ஊசி போட்டால் பிரச்சினையா? 8 மாதமாக டெஸ்டோஸ்டெரோன் போடுகிறேன். அடுத்த வருடம் கல்யாணம். ஆண் ஹோர்மோன்தானே, கூடத்தானே செய்யும்?

ஆய்வுகூடத்தான் | புதன், காலை 6.02

குறையும், தம்பி. வெளியிலிருந்து வந்தால் மூளை 'போதுமானது இருக்கிறது' என்று நினைத்து விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதைக்கு உள்ளே இருக்கவேண்டிய ஹோர்மோன் வற்றிவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். தோள் இரண்டும் கதவு அகலம், குப்பியில் ஒரு விந்தணுகூட இல்லை. இப்படி வந்த பிள்ளைகள் என் நுணுக்குக்காட்டியில் பலர். நிறுத்தினால் அநேகருக்குத் திரும்பி வரும், மாதங்கள் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும். எல்லாருக்கும் முழுதாக வரும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு டொக்டரைப் பார்த்து அவர் சொல்வதுபோல நிறுத்துங்கள். இந்த வாரமே போங்கள்.

கடலோரப்பயணிக்கு ஆண்களுக்குள்ள மற்றக் காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். விதையைச் சுற்றியுள்ள நாளங்கள் புடைக்கும் வெரிகோசீல்தான் அதிகம் காண்பது, திருத்தவும் கூடியது. வயதுக்கு வந்த பிறகு கூகைக்கட்டு வந்து விதை வீங்கினவர்களுக்கு உற்பத்தி பழுதாகலாம். சிலருக்கு உற்பத்தி நன்றாக இருந்தும் வரும் வழி அடைத்திருக்கும். சிலருக்குப் பிறப்பிலேயே நிறமூர்த்தத்தில் வித்தியாசம். சிறுவயதில் விதை கீழே இறங்காமல் இருந்தது, சீனி வருத்தம், சிகரெட், பேக்கரிப் போறணைக்கு முன்னால் பத்து மணித்தியாலம் நிற்கிற வேலை, இப்படி நிறைய. தரிக்காத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரில் ஆணுக்கும் ஏதாவது பங்கு இருக்கும். தனியாகவோ மனைவியோடு சேர்ந்தோ. இதைத்தான் என் வேலையில் எல்லா வாசலிலும் எழுதி ஒட்டவேண்டும் என்று நினைப்பேன்.

கடலோரப்பயணி | புதன், இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. மலர் தங்கச்சி எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நிலாமதி கேட்கச் சொன்னதையும் கேட்டேன். அப்படி வலி இல்லையாம். மிஸ்ஸி, மாதவிடாய் 28, 29 நாளுக்கு ஒருக்கால் மணி அடித்த மாதிரி வரும். காய்ச்சல் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பரிசோதனைக்குப் போகிறேன். அவளும் வருகிறாள்.

பம்பலப்பிட்டி_8வருடம் | வியாழன், பகல் 11.37

நல்ல ரிப்போர்ட் வந்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள், கெட்டது வந்தால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் எல்லாமே நோர்மல். 'காரணம் தெரியாத குழந்தைப்பேறின்மை' என்று ஃபைலில் எழுதினார்கள். பரிசோதிப்பவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேர் இந்த வகைக்குள் வருவார்களாம். காரணமே இல்லை என்பது இல்லை, இன்றைக்கு உள்ள பரிசோதனைகளில் அது பிடிபடவில்லை. பிழை என்ன என்று தெரிந்தால் அதோடு சண்டை பிடிக்கலாம். எங்களுக்கு அதுவும் இல்லை.

விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ மூன்று தடவை, முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்க்கும் ஐவீஎஃப் ஒரு தடவை. தங்கவில்லை. எனக்கு இப்போது 41. ஏஎம்எச் பரிசோதனையில் முட்டை இருப்பு குறைவு என்று வந்தது. அது எண்ணிக்கையைத்தான் சொல்லும், முட்டையின் தரத்தைச் சொல்லாது. தரம் வயதோடு போவது. பெண் பிள்ளை பிறக்கும்போதே 10 முதல் 20 இலட்சம் முட்டையோடு பிறக்கிறாள், புதிதாக ஒன்றும் உருவாவதில்லை. 35க்குப் பிறகு இறக்கம் வேகமாகும். இதை 30இல் எனக்கு யாரும் சொல்லவில்லை. 33 வயதில் உங்கள் மனைவிக்கு நேரம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை.

நாங்கள் இப்போது நிறுத்தியிருக்கிறோம். ஒரு வருடம் எந்த கிளினிக்குக்கும் போவதில்லை என்று இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு. போன மாதம் நுவரெலியா போய் வந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரை அட்டவணை இல்லாமல் போன முதல் பயணம்.

கிராண்ட்பாஸ்_மிஸ்ஸி | வியாழன், மாலை 5.15

மகள், உங்கள் எழுத்தை இரண்டு தரம் வாசித்தேன். நிறுத்துவதும் ஒரு முடிவுதான். அதற்காக யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

2023இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொன்னது, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை வருகிறது என்று. ஆறில் ஒன்று என்றால் ஒவ்வொரு மாடிவீட்டுத் தொடரிலும், ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் 'புதினம் ஒன்றும் இல்லையோ' என்று பந்தியில் வைத்துத்தான் கேட்போம். 'மலடி' என்ற சொல் நம் மொழியில் இருக்கிறது, பெண்பாலில் மட்டும்தான் வீட்டுக்கு வீடு புழங்குகிறது. 31 வருடத்தில் என் பதிவேட்டில் அந்தச் சொல்லை நான் எழுதியதில்லை, என் முன்னால் சொன்னவர்களை அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கிறேன்.

கடலோரப்பயணி | அடுத்த செவ்வாய், இரவு 10.26

ரிப்போர்ட் வந்தது. அளவு 2.1 மில்லிலீட்டர். மில்லிலீட்டருக்கு 6 மில்லியன். அசைவு 28 சதவீதம். உருவம் 2 சதவீதம்.

ஆய்வுகூடத்து வாசலில் நின்று வாசித்தேன். ஆய்வுகூடத்தான் அண்ணா எழுதிய 16, 42, 4 என்ற எண்கள் மனதில் இருந்ததால் யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. மனைவி கையை நீட்டினாள், கொடுத்தேன். வாசித்துவிட்டு, "சரி, இப்ப தெரியும்தானே" என்றாள். ஓட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்திருக்கவேண்டும், இரண்டு வருடத்துக்கு முன்பே.

நேற்று டொக்டரிடம் போனோம். நிற்கவைத்துப் பரிசோதித்தார், மூச்சை அடக்கி முக்கச் சொன்னார். இடது பக்கம் வெரிகோசீல். இடது பக்கத்து நாளம் சிறுநீரக நாளத்தில் செங்கோணமாகப் போய்ச் சேர்வதால் இரத்தம் தேங்கி அந்தப் பக்கம்தான் அதிகம் வருமாம். தேங்கும் இரத்தத்தால் விதையில் சூடு கூடும். எனக்கு வருடக்கணக்காகப் பின்னேரமானால் அங்கே ஒரு பாரம் இருந்தது, கதிரையில் இருக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன். ஹோர்மோன் பரிசோதனைக்கும் இரண்டாவது விந்துப் பரிசோதனைக்கும் எழுதித் தந்தார். மனைவிக்குக் குளோமிபீன் தேவைப்பட்டிருக்காது என்று அவரும் சொன்னார். மனைவி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்ன சொல்ல?

ஆய்வுகூடத்தான் | புதன், காலை 6.20

தம்பி, 6 மில்லியன் என்பது பூச்சியம் இல்லை. இதைவிடக் குறைந்த எண்ணோடு தானாகவே பிள்ளை கண்டவர்கள் உண்டு. நாளத்தைக் கட்டும் சத்திரசிகிச்சை செய்தால் பலன் தெரிய 3 முதல் 6 மாதம் போகும், நான் முதலில் சொன்ன 74 நாள் கணக்குத்தான் காரணம். அது சரிவராவிட்டாலும் வழி இருக்கிறது. 1978இல் பிறந்த முதல் ஐவீஎஃப் குழந்தையின் தாய்க்கு அடைபட்ட குழாய்தான் பிரச்சினை. அதற்காகத்தான் அந்த முறையே வந்தது. ஆண்களுக்கு அதில் பெரிய பயன் இருக்கவில்லை. 1992இல்தான் இக்சி வந்தது, ஒரு விந்தணுவை எடுத்து நேராக முட்டைக்குள் செலுத்துவது. அதன் பிறகு சில விந்தணுக்கள் கிடைத்தாலே முயற்சி செய்யலாம் என்று ஆனது. செலவு பெரியது, ஒவ்வொரு தடவையும் சரிவரும் என்றும் இல்லை. ஆனால் அது கடைசிப் படி. உங்களுக்கு இன்னும் முதல் படிகள் இருக்கின்றன.

இரண்டாவது பரிசோதனைக்கும் அதே ஆய்வுகூடத்துக்கே போங்கள், அப்போதுதான் ஒப்பிடலாம். இரண்டு தடவையும் ஒரேயளவு நாள் இடைவெளி இருக்கட்டும்.

தெஹிவளை_மலர் | புதன், காலை 8.45

அண்ணா, வீட்டில் சொல்லிவிட்டீர்களா? அம்மாவிடம்?

கடலோரப்பயணி | சனி, இரவு 11.08

சொன்னேன். நேற்று வெள்ளிக்கிழமை, கசாய நாள். அம்மா குசினியில் சட்டி வைத்துவிட்டா. நான் போய் அடுப்பை நிறுத்தி, "அம்மா, அவளுக்கு ஒண்டும் இல்லை. எனக்குத்தான்" என்றேன். ரிப்போர்ட்டையும் காட்டினேன், அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்றாலும். அம்மா பேசவே இல்லை. சட்டியை இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தா. கொஞ்ச நேரம் கழித்து மனைவியின் அறை வாசலில் போய் நின்று, "பிள்ளை, நான் இவ்வளவு நாளும் தெரியாமல்" என்று தொடங்கினா, முடிக்கவில்லை. மனைவி எழும்பி வந்து கட்டிலில் இருத்தினாள். அதற்கு மேலே நான் நிற்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

இன்று காலை அம்மா என்னிடம், "உனக்கு ஒப்பரேஷன் எண்டா எத்தனை நாள் லீவு வேணும்?" என்று கேட்டா.

வேலும்மயிலும் அண்ணா, சஷ்டி விரதம் இந்த முறை நானும் பிடிக்கிறேன். லேகியம் வேண்டாம்.

ஹோர்மோன் ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வரும். எஃப்எஸ்எச் என்று ஒன்று எழுதியிருக்கிறார். அது கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?

ஆய்வுகூடத்தான் | ஞாயிறு, காலை 6.30

எஃப்எஸ்எச் என்பது விதையை வேலை செய்யச் சொல்லி மூளை அனுப்பும் ஹோர்மோன். ஆணுக்கு அது மிக அதிகமாக இருந்தால் விதையிலேயே உற்பத்திக் குறைவு என்று பார்ப்போம். மூளை கத்திக் கூப்பிடுகிறது, விதை பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். மிகக் குறைவாக இருந்தால் மூளையே கூப்பிடவில்லை, அதற்கு ஊசி மருந்து உண்டு. நடுவில் இருந்தால் வழியில் அடைப்பு அல்லது உங்களுடையதுபோல வெரிகோசீல் பக்கம் பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டெரோனும் எழுதியிருந்தால் காலை 10 மணிக்கு முன் இரத்தம் கொடுத்தீர்களா என்று பாருங்கள், பின்னேரம் அது இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை எண்களை இங்கே போடுங்கள், நான் இருப்பேன்.